வைகாசிக்கு அப்புறம்

கோவில்பட்டி
29-1-1974

அன்புள்ள மதினிக்கு,

தங்கம் எழுதுகிறேன். ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். முகூர்த்தச் சேலைப் பொட்டலத்தை வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததில் தொடை மரத்துப்போச்சு. வீட்டில் பிரித்துக் காட்டினால், உன்கூடப் பிறந்த அண்ணனாச்சே, "அரக்கா இது, மாம்பழ நிறமாட்டம் தெரியுதே" என்கிறார். வாய்த்த புருஷன் அப்படி. உன் வீட்டுக்காரர், என் மாணிக்கம் அண்ணன் ஜவுளிக்கடையிலேயே எடுத்திருக்கலாம், நாம்தான் ரங்கநாதன் தெரு முழுக்க ஏறி இறங்கினோம்.

நான் கிளம்பின மறுநாளே காகிதம் போட்டிருக்கிறாய். கழுத்தோரக் கட்டி இன்னும் கரையவில்லை, மூன்று வருஷத்துக்கு முன்னால் மார்பில் வந்ததும் இப்படித்தானே ஆரம்பித்தது என்று. ஏன் மதினி இப்படிப் பயப்படுகிறாய்? பரிசோதனை ரிசல்ட் கேட்க நானும் மாணிக்கம் அண்ணனும்தானே அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒன்றுமில்லை மதினி. வெறும் கொழுப்புக் கட்டி. டாக்டரம்மாவே சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. கல்யாண வேலையைப் பார்.

ஜெயபாரதி உன்னை விசாரித்தாள். வெட்கத்தில் அத்தை என்று சொல்லவே நாக்கு வரவில்லை. ஆயில்ய நட்சத்திரத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று எத்தனை பேர் நம் வாசலில் காப்பி குடித்துவிட்டு எழுந்து போனார்கள்! "என் அண்ணன் மகளுக்கு நான் பயப்படுவேனா" என்று உன் மகன் ஜவஹருக்குக் கேட்டு வந்தவள் நீ ஒருத்திதான். அதை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

உன் மதினி,
தங்கம்


தியாகராய நகர், சென்னை-17
22-3-1974

அன்புள்ள மதினிக்கு,

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. ஜவஹர் பெயருக்குப் பின்னால் பி.காம். விட்டுப்போச்சு என்று அவன் அச்சகத்துக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறான். படித்தது அவனுக்கே மறந்திருக்கும், அச்சடித்தால்தான் ஞாபகம் வரும்போல.

கட்டி அப்படியேதான் இருக்கிறது. கொஞ்சம் கெட்டிப்பட்ட மாதிரி எனக்குத் தோன்றுகிறது. தலை வாரக் கையைத் தூக்கினால் தோளில் ஒரு பிடிப்பு. ஒரு நடை போய் டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு வரட்டுமா என்று உன் அண்ணனைக் கேட்டேன். "அதான் தங்கம் விசாரிச்சிட்டாளே" என்றார். சரிதான், நீ விசாரித்தால் போலீஸ் விசாரித்த மாதிரி. அதற்கு மேல் நான் யாரைக் கேட்க?

பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு நம்முடையது. உன் அண்ணனுக்கு நான், என் அண்ணனுக்கு நீ, ஒரே பந்தலில் தாலி ஏறியது. யார் யாருக்கு மதினி என்று தெரியாமல் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மதினி என்றே கூப்பிட்டு இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டோம். இப்போது பிள்ளைகளையும் முடிச்சுப் போடப் போகிறோம். எனக்கு வேறென்ன வேணும்?

உன் மதினி,
செண்பகம்


தியாகராய நகர், சென்னை-17
19-7-1974

தங்கம் அவர்களுக்கு,

நேற்று நான் அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். யாரையும் கேட்கவில்லை. வலது கை பழக்கமாச்சே என்று இடது கையை இத்தனை நாள் தொங்கவிட்டே சமாளித்தேன். நேற்றுக் காலை ரவிக்கைக்குள் கையை நுழைக்க முடியாமல் நின்றேன். உங்கள் மகள்தான் பார்த்துவிட்டு, "அத்தை, இப்பவே கிளம்புங்க" என்று கூட வந்தாள்.

டாக்டரம்மா கட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். கக்கத்தில் விரலை வைத்து அழுத்தினார்கள். பிறகு பழைய சீட்டைப் புரட்டிவிட்டு என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

"ஏம்மா, ஜனவரியில சொல்லி அனுப்பினேன், உடனே வந்து படுக்கணும்னு. இத்தனை மாசம் எங்க போனீங்க?"

"என்கிட்ட யாரும் சொல்லலையே டாக்டர்."

"உங்க வீட்டுக்காரரும் நாத்தனாரும் வந்தாங்களே! திரும்ப வந்துடுச்சு, நாள் கடத்தாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். 'வைகாசியில கல்யாணம், அதுக்கப்புறம் கூட்டிட்டு வரலாமா'ன்னு அந்தம்மா கேட்டாங்க. கூடவே கூடாதுன்னு சத்தம் போட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு. என் கையைப் புடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க."

உங்கள் மகள் என் பக்கத்தில்தான் நின்றாள். எல்லாம் கேட்டாள். அவள் ஏன் காகிதம் போடவில்லை என்று இனிமேல் யோசிக்க வேண்டாம்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டா சொன்னார்கள்? நீங்கள் போன அன்று நான் உங்களுக்குப் பிடிக்கும் என்று அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தேன். வந்து உட்கார்ந்து சூடாகத் தின்றீர்கள். தின்றுகொண்டேதான் கொழுப்புக் கட்டி என்றீர்கள்.

மே மாதம் ரயில் ஸ்டிரைக். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் வேனில் வந்தோம். விழுப்புரத்திலிருந்தே எனக்குத் தோள் விண்விண் என்று தெறித்தது. கல்யாண வீட்டில் வந்து இறங்கியதும் உங்களிடம்தான் சொன்னேன். "வாய்வு மதினி, வேன்ல குலுங்கினதுல புடிச்சிக்கிட்டு" என்று நீங்களே சுக்குத் தட்டி, கஷாயம் வைத்து, ஆற்றிக் கொடுத்தீர்கள். நானும் நல்ல பிள்ளையாக ஒரு மடக்கு மிச்சம் வைக்காமல் குடித்தேன். கையில் டம்ளரைக் கொடுத்தபோது என் முகத்தை எப்படிப் பார்த்தீர்கள் என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். நேராகத்தான் பார்த்தீர்கள். அதுதான் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் ராயப்பேட்டை அமீனா பீ என்று ஒரு அம்மா. அவளுக்கும் திரும்ப வந்திருக்கிறதாம். "இன்னாமா, உங்க ஊட்டுல உன்கிட்ட சொல்லலியா? எங்க ஊட்டுல தெருவுக்கே சொல்லிட்டானுங்க. பால்காரன்கூட டெய்லி வந்து, இன்னும் கீறியான்னு பாத்துக்கினு போறான்" என்றாள். அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டேன். அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

மறுபடி ஆபரேஷன், கதிர் பாய்ச்சுகிற கரண்ட் வைத்தியம், அதன் பிறகு ஊசி என்கிறார்கள். முடி கொட்டும், சோறு தங்காது. ஜனவரியில் என்றால் குணமாகும் என்று தைரியமாகச் சொல்லியிருப்பார்களாம். இப்போது பார்க்கலாம் என்கிறார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். என் உடம்பைப் பற்றி நீங்கள் எல்லாரும் தையிலேயே முடிவு பண்ணியாச்சு. நான் புதிதாக எதற்கு?

செண்பகம்


கோவில்பட்டி
27-7-1974

மதினி,

நீங்கள், உங்கள் என்று எழுதியிருக்கிறாய். ஒரே பாவாடையை மாற்றி மாற்றிக் கட்டி வளர்ந்தவர்கள் நாம். என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

ஆமாம், கேட்டேன். டாக்டரம்மா கையைப் பிடித்துத்தான் கேட்டேன். இப்போது என்னைத் தூக்கில் போடு. அதற்கு முன்னால் நான் சொல்வதையும் கேள்.

தையில் உனக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். ஊர் என்ன சொல்லும்? "நிச்சயம் பண்ணி மாசம் திரும்பலே, ஆயில்யக்காரி மாமியாளைப் படுக்கப் போட்டுட்டா" என்று சொல்லும். கல்யாணம் நிற்கும். அப்புறம் என் மகளை எவன் கட்டுவான்? நீ பயப்படமாட்டாய் என்கிறாயா? டாக்டர் சொன்னதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருந்தால், ராத்திரி படுக்கையில் ஒரு நிமிஷமாவது அந்த நட்சத்திரம் உன் மனசில் வந்திருக்காதா? சத்தியம் பண்ணு பார்ப்போம்.

நாலு மாசம்தானே என்று நினைத்தேன். முன்னால் ஒரு தடவை வந்து சரியாப்போனதுதானே என்று நினைத்தேன். எனக்கென்ன வைத்தியமா தெரியும்? திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டு, உனக்கு ஒன்றும் ஆகாது என்று நானே நம்பிவிட்டேன்.

என்னை மட்டும் வைகிறாயே, மாணிக்கம் அண்ணன் பக்கத்தில்தானே நின்றார்? ஊருக்கு வந்து உன் அண்ணனிடமும் சொன்னேன். இரண்டு ஆம்பிளைகளும் தடுக்கவில்லை. "நீ பாத்துச் செய்" என்றார்கள். பேசினது நான். அதனால் பாவமெல்லாம் எனக்கு.

வீம்பு பிடிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. நீ போகாமல் உனக்கு ஏதாவது ஒன்று ஆனால், கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை என்று என் மகளைத்தான் பேசுவார்கள். அதையாவது நினைத்துப் பார். ஜெயபாரதியை ஒரு வரி எழுதச் சொல்.

தங்கம்


தியாகராய நகர், சென்னை-17
10-8-1974

தங்கத்துக்கு,

என் அண்ணன் நல்லசிவத்துக்கும் தெரியும் என்று உன் காகிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மணவறையில் எனக்கு வேட்டியும் சேலையும் வைத்துக் கொடுத்து, "நூறு வருஷம் இரு தாயி" என்று தலையில் கை வைத்தாரே. கையை எடுக்கவே இல்லை. மகளைக் கொடுக்கிற துக்கம் என்று நினைத்தேன்.

சத்தியம் கேட்டிருக்கிறாய். வந்திருக்கலாம், அந்த நட்சத்திரம் ஒரு நிமிஷம் மனசில் வந்திருக்கலாம். நான் என்ன சாமியா? ஆனால் அந்த ஒரு நிமிஷம் போனபிறகு நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே ஜவஹருக்கு மாலை எடுத்துக் கொடுத்திருப்பேன். அதைச் சொல்ல எனக்கு நீ வாய் கொடுக்கவில்லை.

நமக்குக் கல்யாணமான புதிதில் உன் அண்ணன் என் மேல் கை நீட்டினார். நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் எழுதின காகிதத்தில் எழுத்து கோணியிருந்ததை வைத்தே நீ கண்டுபிடித்தாய். என் அண்ணனை அன்றைக்கே ரயில் ஏற்றி அனுப்பினாய். "உங்க தங்கச்சி மேல இன்னொரு தடவை கை பட்டா நான் உங்க வீட்ல தண்ணி குடிக்கமாட்டேன்" என்று அவரிடம் சொன்னாயாம். பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் அதுதான் பலம் என்று நினைத்திருந்தேன். உனக்கு நான் ஜாமீன், எனக்கு நீ ஜாமீன். கோணல் எழுத்தைக் கண்டுபிடித்தவளுக்கு, வேனை விட்டு இறங்க முடியாமல் நான் நின்றது தெரியாமல் போயிற்றா?

இப்போது உன் மகள் பெயர் கெடாமல் இருக்க நான் பிழைக்கணும் என்கிறாய். தையில் உன் மகளுக்காகச் சும்மா இருந்தேன், எனக்குத் தெரியாமலே. ஆடியில் உன் மகளுக்காக அறுத்துக்கொள்ளணும். நான் என்ன உன் வீட்டுத் தறியில் போட்ட பாவு நூலா, நீளமும் அகலமும் நீ சொல்ல?

உன் அண்ணன் கடைக்குப் போகுமுன் தினமும் என் எதிரில் வந்து நிற்கிறார். "போவோமா செண்பகம்" என்கிறார். "எங்கே, கல்யாணத்துக்கா?" என்றேன். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு கடைக்கே போகிறது.

நான் போகப் போவதில்லை. இனி இதைப் பற்றி எழுதாதே.

செண்பகம்


கோவில்பட்டி
2-9-1974

அன்புள்ள மதினிக்கு,

ஜவஹர் எழுதியிருந்தான். ஜெயபாரதி குளிக்காமல் இருக்கிறாளாமே! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். போகட்டும். நீ பாட்டியாகப் போகிறாய், நான் பாட்டியாகப் போகிறேன். இனிமேலாவது கோபத்தை விடு.

வைத்தியத்துக்குச் சம்மதித்துவிடு மதினி, உன் காலில் விழுகிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கரண்ட் வைத்த உடம்பு வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் புழங்கக்கூடாது என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். முடி கொட்டி, வாந்தியும் பேதியுமாக நீ இருப்பதைப் பார்த்தால் அவளும் மிரண்டுபோவாள். மார்கழி கழிந்து தையில் ஏழாம் மாச வளையல் போட்டு அவளை நான் இங்கே அழைத்துக்கொண்டு வந்துவிடுவேன். அதற்கு அப்புறம் நீ நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். இத்தனை நாள் பொறுத்தாய், வளைகாப்பு வரைக்கும் பொறுக்க மாட்டாயா?

தங்கம்


தியாகராய நகர், சென்னை-17
9-9-1974

அடி தங்கம்,

உன் காகிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கண்தான் பிசகிவிட்டது என்று நினைத்தேன். அப்போது கல்யாணம் வரைக்கும். இப்போது வளைகாப்பு வரைக்கும். அப்புறம் பிள்ளைப்பேறு வரைக்கும், பேர் வைக்கிற வரைக்கும், காது குத்துகிற வரைக்கும். எனக்கு எப்போது நேரம் ஒதுக்குவதாக இருக்கிறாய்? வெட்கம் என்று ஒன்று உனக்குக் கிடையவே கிடையாதா?

காகிதத்தை உன் மகளிடம் கொடுத்தேன். கொடுத்திருக்கக்கூடாதுதான், ஆத்திரத்தில் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு மடித்து வைத்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, என் நட்சத்திரத்துக்காக நீங்க வைத்தியம் பாக்க வேண்டாம். என் வயித்துப் பிள்ளைக்காகவும் வேண்டாம். ஊர் பேசுனா நான் பதில் பேசிக்கிடுதேன். உங்களுக்கு என்ன வேணும், அதைச் சொல்லுங்க" என்றாள்.

தங்கம், ஜனவரியிலிருந்து, இல்லை, மூன்று வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை மார்பை எடுத்ததிலிருந்து, என்னை இந்தக் கேள்வி கேட்டவள் அவள் ஒருத்திதான். உன் வயிற்றில் எப்படிப் பிறந்தாள் என்று தெரியவில்லை.

வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. ஆனால் சொன்னேன். எனக்கு உயிர் மேல் ஆசை இருக்கிறது. கொள்ளை ஆசை. பாண்டி பஜாரில் வெயில் தாழ்ந்து பூக்காரிகள் தண்ணீர் தெளிக்கிற நேரம் நடக்கணும். ஜவஹர் கணக்குத் தப்பாகப் போட்டு அப்பாவிடம் திட்டு வாங்குவதைப் பார்க்கணும். உங்கள் எல்லார் மேலும் இருக்கிற கோபத்தில், வேண்டாம் என்று வீம்பு பேசிக்கொண்டிருந்தேன். நான் செத்துப்போனால் நீ மாரடித்து அழுதுவிட்டு மறுநாள் சாப்பிடுவாய். எனக்கு என்ன லாபம்?

நாளைக் காலை போய்ப் படுக்கிறேன். உன் அண்ணனிடம் கையெழுத்துக் கேட்பார்கள், போடட்டும். பக்கத்தில் நானும் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். கரண்ட் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வராது என்று டாக்டரம்மாவிடமே ஜெயபாரதி கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அமீனா பீயும் அங்கேதான் இருக்கிறாள். "வா வா, ஜன்னலாண்ட கட்டில் புடிச்சி வச்சிக்கீறேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்லாம் முடிந்து ரிசல்ட் சொல்கிற அன்றைக்கு நான் மட்டும்தான் உள்ளே போவேன். உன் அண்ணன் வெளியே உட்கார்ந்திருப்பார். நான் வந்து என்ன சொல்கிறேனோ அதுதான் அவருக்கும் உனக்கும். நம்பணும். நான் நம்பின மாதிரி.

செண்பகம்


கோவில்பட்டி
4-1-1975

அன்புள்ள மதினிக்கு,

நீ ஆஸ்பத்திரியில் இருந்த இத்தனை மாசமும் நான் வந்து பார்க்கவில்லை. வரக்கூடாது என்று நீ சொல்லி அனுப்பியதால் வரவில்லை. மாம்பலம் ஸ்டேஷன் வரை ஒரு தடவை வந்து, அப்படியே திரும்பிப் போனேன். யாருக்கும் தெரியாது.

மாணிக்கம் அண்ணன் எழுதியிருந்தார். போன வாரம் நீ தனியாக உள்ளே போனாயாம். ரொம்ப நேரம் கழித்து வந்தாயாம். "என்ன சொன்னாங்க" என்று கேட்டதற்கு, "பசிக்குது, ஓட்டலுக்குப் போகலாம்" என்று சொல்லி ஒரு முழுத் தோசை தின்றாயாம். உன் முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை, நீ தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். என் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. காகிதத்தில் மை கலைந்திருந்தது.

ஜெயபாரதிக்கு எழுதினேன். "அத்தையைக் கேளுங்க" என்று ஒரே வரியில் பதில். கல்யாணமாகி அவள் எனக்கு எழுதின முதல் வரி அதுதான்.

மதினி, எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அண்ணன் பூஜை அறையை விட்டு வெளியே வருவதில்லை. போய்விட்டதா, இருக்கிறதா? நல்லதோ கெட்டதோ, தெரிந்துவிட்டால் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதுதான் ஆளைக் கொல்லுகிறது. நான் செய்தது தப்புதான், தப்புதான், தப்புதான். வளைகாப்புக்கு வந்து உன் முகத்தைப் பார்க்குமுன் எனக்குத் தெரியணும். நம் சின்ன வயசின் பேரில் கேட்கிறேன். உண்மையைச் சொல்லு.

தங்கம்


தியாகராய நகர், சென்னை-17
11-1-1975

அன்புள்ள மதினிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தை பிறந்ததும் வருகிற நல்ல நாளாகப் பார்த்துவிட்டோம், உன் அண்ணன் தனியாக எழுதுவார். வளையல் இங்கேயே நானும் ஜெயபாரதியும் போய் வாங்கிவிட்டோம், நீ சுமந்துகொண்டு வர வேண்டாம். புளியோதரைக்கு மட்டும் உன் கைப் புளிக்காய்ச்சல் கொண்டுவா, அவள் வாய் கேட்கிறது. என் தலையில் துண்டு கட்டியிருப்பேன், பார்த்துப் பயந்துவிடாதே. முதல் வளையலை நான்தான் போடுவேன்.

ரிசல்ட் கேட்டிருக்கிறாய்.

ஒன்றுமில்லை மதினி. வெறும் கொழுப்புக் கட்டி. டாக்டரம்மாவே சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. வளைகாப்பு வேலையைப் பார்.

உன் மதினி,
செண்பகம்